ஓவியக் காட்சிக்கூடத்தில் கச்சேரியும் மௌனப் படமும்: ஒரே மாலையில் மூன்றையும் எப்படி அமைப்பது?

சாளரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் உள்ள ஒரு சிறிய தனியார் ஓவியக் காட்சிக்கூடத்தின் நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கண்ணனின் பிள்ளைப் பருவக் கதைகளைக் கருவாகக் கொண்ட நீர்வண்ண ஓவியங்களை வருகிற மார்கழியில் காட்சிக்கு வைக்கிறோம். கண்காட்சியின் நிறைவு நாளன்று, தாதாசாகேப் பால்கே 1919இல் எடுத்த ‘காளிய மர்தன்’ என்னும் மௌனப் படத்தைத் திரையிட்டு, அதற்கு நேரடியாகக் கர்நாடக இசை அமைய வேண்டும் என்பது திட்டம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா ஆகியவற்றுக்குக் கலைஞர்கள் இசைந்துவிட்டார்கள்.

இத்தகைய ‘கலப்பு’ நிகழ்ச்சிகளில் பார்வையாளராகக் கலந்துகொண்ட அனுபவத்தால் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. ஓரிடத்தில் பாடகர் ராக ஆலாபனையைத் தொடங்கிய பிறகும் காபிக் கோப்பைகளோடு அரட்டை நின்றபாடில்லை. வேறோரிடத்தில் படத்துக்காக விளக்கை அணைத்தவர்கள் கடைசிவரை போடாததால், சுவரில் என்ன மாட்டியிருந்தது என்பதே வந்தவர்களுக்குத் தெரியாமற்போனது. எங்கள் கூடத்தில் எழுபது நாற்காலிகள் போடலாம். தரை கிரானைட், சுவர்கள் வெறும் பூச்சுச் சுவர்கள். வரிசை, வெளிச்சம், ஒலி, படத்தோடு இசையை இணைக்கும் முறை, உரிமைச் சிக்கல் என எதைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுருதிப்பெட்டி:

நான் பக்கவாத்தியக்காரன், ஆகவே ஒலியிலிருந்து தொடங்குகிறேன். கிரானைட் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் வாய்ப்பாட்டு ஓரளவு தப்பித்துக்கொள்ளும், மிருதங்கம் தப்பிக்காது. துரித காலத்தில் விழும் சொற்கள் (தட்டொலிகள்) ஒன்றன்மேல் ஒன்று மோதி, வெறும் இரைச்சலாகக் கேட்கும். இதற்கு மைக்கைக் கூட்டுவது தீர்வாகாது; உள்ள எதிரொலியையும் சேர்த்துப் பெருக்குவதாகவே முடியும். தரை முழுவதும் தடித்த ஜமக்காளம் விரித்து, முன்பாதியில் நாற்காலியைத் தவிர்த்து மக்களைக் கீழேயே அமரச் செய்யுங்கள். கலைஞர்களுக்குப் பின்னுள்ள சுவரில் கனமான திரைச்சீலை ஒன்றைச் சற்று மடிப்புகளோடு தொங்கவிடுங்கள். எழுபது பேர் அமர்ந்த பிறகு அறையின் குணம் தானாகவே பெரிதும் மாறிவிடும் என்பதால், காலி அறையில் பார்க்கும் ஒத்திகையை மட்டும் நம்பி அளவுகளை முடிவு செய்ய வேண்டாம். அந்த அளவுக் கூடத்தில் மைக் இல்லாமலே பாடலாம் என்பது என் கருத்து. ஏசியின் ஓசையையும் புரொஜெக்டரின் விசிறி ஓசையையும் அந்தச் சிறு அறையில் தம்புராவுக்குப் பக்கத்திலேயே கேட்க வேண்டியிருக்கும். எனவே புரொஜெக்டரைக் கலைஞர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

அடுத்தது அமர்வு முறை. வழக்கமான கச்சேரி மேடையில் பாடகர் நடுவில், அவருடைய இடக்கைப் பக்கம் வயலின், வலக்கைப் பக்கம் மிருதங்கம் என அமைந்து, எல்லோரும் சபையை நோக்கியிருப்பார்கள். திரையை அவர்களுக்குப் பின்னால் கட்டினால் படத்துக்கு வாசிக்கப்போகிறவர்கள் படத்தையே பார்க்க முடியாது! திரையின் ஓர் ஓரத்தில், சபைக்கும் திரைக்கும் பாதிப் பாதி முகம் காட்டும்படி வளைவாக உட்கார வையுங்கள். வயலின்காரரின் வில் செல்லும் பக்கம் சுவரில் இடிக்காமல் இருக்கிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்புத்தாள் வைத்து வாசிப்பவர்களுக்குக் கவ்வி வைக்கும் சிறு விளக்கு போதும். அதன் ஒளி திரையில் விழாதபடி கறுப்பு அட்டையால் மறைத்துவிடுங்கள்.

முக்கியமானதற்கு வருகிறேன். ஓவியத்துக்குக் கடிகாரம் கிடையாது. பார்ப்பவர் விரும்பும்வரை நிற்கலாம். படத்துக்கோ இரக்கமில்லாத கடிகாரம். கர்நாடக இசையின் கடிகாரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாளம் வட்டத்துக்குள் கறாராக இருந்தாலும், நிரவலை, அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதை, எத்தனை சுற்று பாடுவது என்பது அன்றைய மனத்தைப் பொறுத்தது. இந்த மூன்று காலங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் கறாரான கடிகாரமே வெல்லும். அதாவது படம் வெல்லும், இசை பின்னணி ஆகிவிடும், ஓவியம் சுவர் அலங்காரம் ஆகிவிடும். ஒவ்வொரு பகுதியிலும் எது தலைமை தாங்குகிறது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, மற்ற இரண்டும் அந்நேரத்தில் ஒதுங்கியிருக்கும்படி அமைப்பதுதான் இந்த மாலையின் உண்மையான வேலை. மூன்றும் ‘சங்கமிக்கும்’ என்று அழைப்பிதழில் அச்சடிப்பது எளிது.

நிழற்படலம்:

திரைப்படச் சங்கம் ஒன்றில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தேர்வு மிகப் பொருத்தமானது. பால்கே பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர், ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்ட அச்சகத்தோடு தொழில்முறைத் தொடர்பு கொண்டிருந்தவர். அவருடைய சட்டகங்களைப் பார்த்தால் அது புரியும். கேமரா நகராமல் நேர்முகமாக நிற்க, உருவங்கள் ஓவிய அச்சுப் படத்தில் நிற்பதைப்போல் சபையை நோக்கியே இருக்கும். உங்கள் கண்காட்சியோடு இந்தப் படத்துக்கு உள்ள உறவு கதையோடு முடிவதில்லை. பழைய ரவிவர்மா அச்சுப்படம் ஒன்றோ இரண்டோ யாரிடமாவது இரவல் கிடைத்தால் திரைக்குப் போகும் வழியில் மாட்டுங்கள்; விளக்கவுரை தேவைப்படாது.

கண்ணனாக நடித்தவர் பால்கேயின் மகள் மந்தாகினி, அப்போது சிறுமி. கதை தொடங்குவதற்கு முன்பே அந்தக் குழந்தையின் முகத்தை அண்மைக் காட்சியில் காட்டி, பலவகை முகபாவங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வைத்திருக்கிறார். அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்பேன். தம்புரா மட்டும் ஒலிக்கட்டும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழந்தையின் முகம் அவ்வளவு பெரிதாகத் திரையில் தெரியும்போது ராகத்தைக் கொண்டு ‘இது வியப்பு, இது சினம்’ என்று பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டியதில்லை.

படத்தின் வேகத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். மௌனப் படங்கள் கையால் சுழற்றிய கேமராவில், பெரும்பாலும் நொடிக்கு 16 முதல் 18 சட்டகங்கள் என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அதை 24 சட்டக வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளிக்கொண்டு ஓடுவார்கள். 16இல் ஒரு மணி நேரம் ஓடவேண்டிய படம் நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. எந்தப் பிரதியைத் திரையிடப்போகிறீர்களோ அதே பிரதியைக் கொண்டுதான் ஒத்திகை நடக்க வேண்டும். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே எழுதிக் கேட்பது நல்லது. இத்தகைய அலுவல்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும்.

இசையை இணைக்கும் முறைக்கு நம்மிடமும் வெளியிலும் முன்னோடிகள் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் கமீல் சென்-சான்ஸ் 1908லேயே ஒரு குறும்படத்துக்கென்று தனியாக இசை எழுதினார். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது 1924 டிசம்பரில் பாரிஸில் நடந்தது. ஓவியர் பிக்காபியாவின் கருத்தில் உருவான பாலே ஒன்றின் இடைவேளையில் திரையிடுவதற்காக ரெனே கிளேர் ‘ஆந்த்ராக்ட்’ என்ற குறும்படத்தை எடுத்தார். எரிக் சத்தி இசையமைத்தார். ஓவியம், படம், இசை மூன்றும் ஒரே மாலையில் சந்தித்ததற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அதில் சத்தி நீண்ட மெட்டுகளை எழுதவில்லை. சிறு சிறு துண்டுகளாக, காட்சி மாறும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாசித்துக் காத்திருக்கும்படி எழுதினார். இந்த உத்தி நம் இசைக்கு அந்நியமானதன்று. ஓர் ஆவர்த்தன (தாளச் சுற்று) அளவுள்ள சிட்டைகள், அதாவது முன்பே அமைத்த சிறு ஸ்வரத் துண்டுகள், சிலவற்றை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசித்து, காட்சி மாறும் நொடியில் ஒரு சிறு தீர்மானத்தோடு (முத்தாய்ப்போடு) இறங்கினால் போதும். முழுக் கிருதியைப் படத்தின்மேல் ஏற்றப் பார்த்தால் சரணம் முடிவதற்குள் காளியன் தோற்றுப்போயிருப்பான்.

அண்மைக் காலத்தில் 1928இன் ‘ஷிராஸ்’ என்ற மௌனப் படம் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தால் சீரமைக்கப்பட்டு, 2017இல் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கரின் இசையோடு லண்டனிலும் பிறகு இந்திய நகரங்கள் சிலவற்றிலும் திரையிடப்பட்டது. அது பெரிய முதலீடு; உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். படத்தின் முக்கியத் திருப்பங்களை நேரக் குறிப்போடு ஒரு தாளில் எழுதி, படத்தை நன்கு அறிந்த ஒருவரை வயலின்காரருக்கு எதிரில் உட்கார வைத்துக் கையசைவால் அறிவிக்கச் செய்தாலே காரியம் நடந்துவிடும்.

ஒரு சேர்க்கை: மௌனப் பட நாட்களில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்கருகே நின்று, எழுத்தட்டைகளை (காட்சிகளுக்கிடையே திரையில் வரும் எழுத்துகளை) படித்துக் கதையையும் விவரித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். ஆர்மோனியமும் தபலாவும் கூட இருந்தன. படத்தில் வரும் எழுத்தட்டைகளை ஒரு நல்ல குரல் தமிழில் வாசித்தால் சபையில் உள்ள பெரியவர்களும் குழந்தைகளும் கூடவே வருவார்கள். வாய்ப்பாட்டுக்காரர் படம் ஓடும்போது சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) பாடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எழுத்தட்டையின் சொல்லும் பாட்டின் சொல்லும் ஒரே காதுக்குள் நுழைய முடியாது.

சாளரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. இதில் உடனடியாக ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பாடகர், காளியன் தலைமேல் கண்ணன் ஆடும் உச்சக்காட்சியில் ஊத்துக்காடு வேங்கட கவியின் காளிங்க நர்த்தனத் தில்லானாவை (தாளச் சொற்கட்டுகள் நிறைந்த துள்ளலான பாட்டு) பாடியே தீர வேண்டும் என்கிறார். அதை எதிர்பார்த்துத்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். அதை மறுப்பது மரியாதையாக இருக்குமா?

செம்மண்:

நான் ஓவியன். இதுவரை வந்த மறுமொழிகள் இரண்டும் மிக நன்றாக இருந்தாலும், கண்காட்சி யாருடையது என்பதை இருவருமே சற்று மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நீர்வண்ணம் வெளிச்சத்துக்கு அஞ்சும் ஊடகம். தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவே உகந்தது என்று அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. எண்ணெய் வண்ணம் அதைப்போல் மூன்று நான்கு மடங்கைத் தாங்கும். இது உங்களுக்கு ஒரு வகையில் நல்ல செய்தி. படத்துக்காக அறையை இருட்டாக்க வேண்டிய நீங்கள், ஓவியத்துக்கும் மங்கலான, நன்கு திருப்பிவிடப்பட்ட விளக்குகளையே பயன்படுத்தப் போகிறீர்கள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் தனித்தனி ஸ்பாட் லைட், ஒவ்வொன்றுக்கும் தனி டிம்மர் இருந்தால் வேண்டியதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். புரொஜெக்டரின் ஒளிக்கற்றை எந்த ஓவியத்தின் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்காமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இருட்டில் ஒரு முறை நின்று பார்த்துவிடுங்கள்.

வங்காளத்தில் மேதினிபூர்ப் பகுதியின் பட்டுவாக்களை, அதாவது படச்சுருள் காட்டிக் கதை பாடுபவர்களை, பார்த்திருப்பீர்கள். நீண்ட படச்சுருளைக் கட்டம் கட்டமாக அவிழ்த்துக்கொண்டே, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டிப் பாடுவார்கள். பாட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்வரை கண்ணும் போகாது. மூன்று கலைகளும் ஒரே மனிதரிடம் இருக்கும் அந்த முறையில் நான் கவனித்தது அந்த விரலைத்தான். அது பார்வையாளரின் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. உங்கள் டிம்மர் அந்த விரலின் வேலையைச் செய்யலாம். படத்துக்கு முன்பு நடக்கும் சிறு கச்சேரியில் ஒரு கிருதிக்கு ஓர் ஓவியம் என்று வைத்து, அந்த ஓவியத்தின்மேல் மட்டும் வெளிச்சத்தை மெல்ல ஏற்றி, பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். பத்து நிமிடங்கள் தொடர்ந்து ஓர் ஓவியத்தைப் பார்ப்பவர்கள் இந்நாளில் எத்தனை பேர்? இசையை வைத்து அந்தப் பத்து நிமிடங்களைப் பெற்றுத் தர முடிந்தால் ஓவியர் உங்களுக்குக் கடமைப்பட்டவர்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓவியர் மார்க் ராத்கோவின் பதினான்கு ஓவியங்களுக்கென்றே எழுப்பப்பட்டு 1971இல் திறக்கப்பட்ட வழிபாட்டுக்கூடத்துக்காக இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் எழுதிய இசை, மறு ஆண்டு அங்கேயே அரங்கேறியது. அது ஓவியங்களை விளக்கப் பார்க்காது. அங்கே அமர்ந்திருப்பவர் இன்னும் சற்று நேரம் அமர்ந்திருக்கத் துணை செய்யும். ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கி 1874இல் தம் நண்பர் ஹார்ட்மனின் நினைவுக் கண்காட்சியைக் கண்டு எழுதியது வேறு வகை. அதில் படத்துக்குப் படம் நடக்கும் நடைக்கே ஒரு மெட்டு உண்டு. உங்களுக்கு இரண்டில் எது வேண்டும் என்று கலைஞர்களோடு பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதலாவது.

வெளிப்படையாகச் சொன்னால், படமே இல்லாமல் இந்த மாலை இன்னும் செறிவாக இருக்கும் என்பதுதான் என் எண்ணம். படம் வேண்டுமென்றால் அதைக் கடைசியில் வையுங்கள். திரையின் பேரொளியைக் கண்ட கண்ணுக்கு 50 லக்ஸில் தொங்கும் நீர்வண்ணம் உடனே தென்படாது.

நிழற்படலம்:

நண்பர் செம்மண்ணின் கடைசிப் பத்தியோடு உடன்பட முடியவில்லை. படத்தைக் கடைசியில் வைத்தால் மக்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவார்கள். படம் நடுவில் வந்து, அதன்பின் கண் தெளிய ஐந்து நிமிடங்கள் தந்து, விளக்குகளை மீண்டும் ஏற்றினால், காளியனைத் திரையில் பார்த்தவர்கள் ஓவியர் அதே பாம்பை எப்படி வரைந்திருக்கிறார் என்று தாங்களாகவே தேடிப் போவார்கள். சாளரம் அவர்கள் அஞ்சிய அந்த இருட்டு, அணைத்ததால் வந்ததன்று. திரும்பப் போடாததால் வந்தது.

படிப்பறை:

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும், இசை, ஓவியம், இலக்கியம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1919இல் வந்த படத்துக்கும், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளுக்கும், ஊத்துக்காடு வேங்கட கவிக்கும் தடையில்லை. ஆனால் யாரேனும் புதிதாக இசை சேர்த்து வெளியிட்ட பிரதியை நீங்கள் ஓட்டினால் அந்த இசையின் உரிமை வேறு. ஒலியை அணைத்துவிட்டாலும் வழங்கியவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். அவருடைய பாட்டைச் சேர்த்தால் அனுமதி தேவை. ஓவியரின் படங்களை அழைப்பிதழிலோ திரையிலோ பெரிதாக்கிக் காட்டுவதற்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் ஒப்புக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது.

இதை எழுதும்போது எஸ். ராஜம் (1919–2010) நினைவுக்கு வருகிறார். 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமராக நடித்தவர். சிறுவனாக அதில் தோன்றிய அவருடைய தம்பிதான் பிற்காலத்து வீணை எஸ். பாலசந்தர். அந்தப் படத்துக்கு இசை பாபநாசம் சிவன். 72 மேளகர்த்தாக்களிலும் (தாய் ராகங்களிலும்) அமைந்த கோடீசுவர ஐயரின் கிருதிகளைப் பாடிப் பரப்பியவர் ராஜம். இன்று தமிழர் வீடுகளில் தொங்கும் இசை மும்மூர்த்திகளின் உருவங்கள் பெரும்பாலும் அவர் அஜந்தா வழியில் தீட்டியவற்றின் சாயலே. அடுத்த ஆண்டு ஏதேனும் யோசித்தால், இந்த மூன்றும் வாழ்க்கையிலேயே ஒன்றாக இருந்த ஒரு மனிதரைச் சுற்றி ஒரு மாலையை அமைக்கலாம். அங்கே உரிமை வேலை மிகுதியாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

சுருதிப்பெட்டி:

தில்லானா பற்றிய கேள்விக்கு வருகிறேன். பாடகரிடம் மறுக்க வேண்டாம்; இடத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். கம்பீரநாட்டையில் அமைந்த அந்தத் தில்லானாவிலேயே ஆட்டம் இருக்கிறது. சொற்கட்டுகளின் அடுக்கே பாதம் எடுத்து வைப்பதுபோல் விழுகிறது. திரையில் ஏற்கெனவே ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருக்கும்போது அதே ஆட்டத்தைப் பாட்டும் சொன்னால், பாட்டின் அடி திரையின் அடியோடு பொருந்தாத ஒவ்வொரு நொடியும் சபைக்கு உறுத்தும். அது பொருந்தவும் முடியாது. அந்தக் குழந்தை ஆதி தாளத்துக்கு ஆடவில்லை.

ஆகவே படத்தின் உச்சக்காட்சியை மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் மட்டும் விட்டுவிடுங்கள். கண்ணன் நீருக்குள் குதித்தவுடன் வயலின் நிற்கட்டும். நீருக்கடியில் நடக்கும் போராட்டத்துக்குக் கஞ்சிராவை ஈரத்தில் சற்றே சுருதி இறக்கி, மிருதங்கத்தின் தொப்பிப்பக்க (இடப்பக்க) நாதத்தோடு மட்டும் சேர்த்து வாசித்தால் வேறெந்த வாத்தியமும் தேவைப்படாது. பாம்பின் தலைமேல் ஏறி நிற்கும் இடத்தில் இருவரும் தனி ஆவர்த்தனத்தைப்போல் (கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியைப்போல்) மாறி மாறி வாசித்து ஏறட்டும். படம் முடிந்து திரை வெறுமையானதும் கோர்வையை (நிறைவுத் தாளக்கட்டை) வைத்து நிறுத்துங்கள். கைதட்டல் அடங்கும்வரை இருட்டு நீடிக்கட்டும். அதற்குப் பிறகு, நண்பர் செம்மண் சொன்ன முறையில் காளிங்க நர்த்தன ஓவியத்தின்மேல் வெளிச்சம் ஏறும்போது பாடகர் தில்லானாவைத் தொடங்கலாம். அப்போது போட்டிக்குத் திரை இல்லை, கடிகாரம் இல்லை. அவர் விரும்பிய அளவு பாடலாம். இப்படிச் சொன்னால் எந்தப் பாடகரும் மறுக்கமாட்டார். மாலையின் உச்சத்தை அவர் கையிலேயே அல்லவா கொடுக்கிறீர்கள்! மங்களத்துக்குப் பிறகு எல்லா விளக்குகளையும் ஏற்றி, இன்னும் அரை மணி நேரம் கூடத்தைத் திறந்து வைத்திருங்கள்.

காபியை அந்த அரை மணி நேரத்தில் கொடுங்கள். அதற்கு முன்னால், என்ன கெஞ்சினாலும், வேண்டாம்.